தாடை தரையில்

"கத்துங்க," என்றேன் என் கணவரிடம். "வழக்கமா கத்துற மாதிரியே கத்துங்க."

அவர் கையில் கயிறு இருந்தது. எங்கள் நாயைத் தன் பண்ணைக்குக் கொண்டுபோக வந்திருந்த அவருடைய நண்பர், வாசலில் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்.

நாயின் பெயர் குட்டி. வந்தபோது பொருத்தமாகத்தான் இருந்தது. இப்போது பின்கால்களில் நின்றால் என் தோளில் கை போடும். வயது இன்னும் ஒன்று முடியவில்லை. புத்தி முழுக்க வாலில்.

சத்தம் கேட்டால் துள்ளி எழுந்து, குறுக்கே யார் நின்றாலும் முட்டித் தள்ளிவிடும். போன மாதம் எங்கள் மூன்று வயது மகள் அப்படித்தான் ஃபிரிட்ஜில் மோதி, நெற்றி புடைத்துப்போனது.

"நாயா, புள்ளையா? நீயே முடிவு பண்ணிக்கோ," என்றார் கணவர் அன்றைக்கே.

"ரெண்டும்தான்," என்றேன். "நான் பழக்கிக் காட்டுறேன். சொதப்புச்சுன்னா நானே வண்டியில ஏத்தி விடுறேன்."

என் முறை எளியது. மகள் மழலையர் பள்ளிக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொள்வேன். பாத்திர மூடி ஒன்றைத் தரையில் போடுவேன். சத்தம் எழுந்த நொடியில் ரஸ்க் துண்டு ஒன்றைத் தரையோடு தரையாக நீட்டுவேன். அது வேண்டுமென்றால் குட்டி வயிறு ஒட்டப் படுத்து, தாடையைத் தரையில் வைத்தாக வேண்டும். படுத்துக் கிடக்கும் நாய் யாரையும் முட்டாது. அவ்வளவுதான் விஷயம்.

மூடிக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. நான் கத்தினால் மட்டும் வாலை ஆட்டியது. கொஞ்சுகிறேன் என்று நினைத்தது போலும். ஆகவே, சார்ஜரைக் காணோம் என்று கணவர் கத்தியதைப் போனில் பதிவுசெய்து, முழுச் சத்தத்தில் ஓடவிட்டேன். அந்தப் பதிவுக்காக நான் அதிகம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு ரஸ்க் இல்லாமலே படுத்தது. டிவியில் விவாத நிகழ்ச்சி ஓடினால், அது முடியும்வரை எழவே எழாது.

மகளை மட்டும் இந்தப் பக்கம் நான் விடவில்லை. இந்தப் பயிற்சியை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

இன்று பரீட்சை. சோபாவுக்கு அந்தப் பக்கம் குட்டி உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கம் மகள், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, பிளாஸ்டிக் கோப்பைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். "விழக்கூடாது. விழுந்தே, பாத்துக்கோ," என்று கோப்பைகளை மிரட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, என்னை வச்சு வேடிக்கை காட்டுறியா?" என்றார் அவர்.

"ஏன், இன்னிக்குன்னு பாத்துக் கத்த வரலையா?"

வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. குறை சொல்ல முடியாது, பதிவைவிட நன்றாகவே கத்தினார்.

குட்டியின் காதுகள் துடித்தன. முன்கால்கள் சறுக்கி நீண்டன. மார்பு, வயிறு, கடைசியில் தாடை. எல்லாம் தரையில். கண்கள் மட்டும் என்னைப் பார்த்தன.

கயிற்றைப் பிடித்திருந்த அவர் கை தளர்ந்தது.

"பரவால்லியே," என்றார். "நல்லாத்தான் பழக்கியிருக்கே."

நான் சோபாவுக்கு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோப்பைகள் சிதறிக் கிடந்தன. நடுவே மகள் குப்புறப் படுத்திருந்தாள். கைகள் உடம்போடு ஒட்டியிருந்தன. தாடை தரையில் இருந்தது.

அவளுக்கு நான் ரஸ்க் கொடுத்ததில்லை.

அவர் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கி ஆணியில் மாட்டினேன். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். வாசல் கதவை அகலத் திறந்தேன்.

வெளியே நண்பர் ஹாரன் அடித்தார்.

"வந்த வண்டி வெறுமனே போக வேணாம்," என்றேன். "நீங்க ஏறிக்குங்க."