ஏழு வருடத் தூசி

நான்காவது திருகாணி மட்டும் லேசில் மசியவில்லை.

சர்வேயர் ஸ்க்ரூடிரைவரை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். யாரோ ஜென்மப் பகையோடு முடுக்கியிருந்தார்கள்.

மேஜையில் புது ஹார்ட் டிஸ்க் உறை பிரிக்காமல் காத்திருந்தது. கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த டிஸ்க், நில வரைபடங்களால் தொண்டை வரை நிரம்பி, ஒரு படத்தைத் திறக்கவே கால் மணி நேரம் முனகியது.

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து சுத்தம் செய்யச் சொல்லி மனைவி நச்சரிக்க ஆரம்பித்து வருடக்கணக்காகிறது. ஊரார் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளக்கிற மனுஷருக்கு, வீட்டில் நான்கு திருகாணியைக் கழற்ற நேரம் வாய்க்கவில்லை. ஒருமுறை கடையிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார். அவள் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள்.

“வெளியாள் எதுக்கு? நீங்களே திறந்து துடைங்க.”

யாரையும் நம்பி எதையும் ஒப்படைக்க மாட்டாள், அவள் சுபாவம் அப்படி என்று விட்டுவிட்டார்.

பக்கவாட்டுத் தகட்டை எடுத்ததும் வரிசையாக மூன்று தும்மல். தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. பிரஷ்ஷால் விசிறியைத் தட்டினார். உலர்ந்த துணியால் ஓரங்களை வழித்தார். இரண்டாவது டிஸ்க்குக்கென்று இருந்த காலி இடுக்கில் விரலை விட்டபோது காகிதம் தட்டுப்பட்டது.

பிரித்தார். அவருடைய கையெழுத்து.

‘நான் போகிறேன். இனி திரும்ப மாட்டேன். என்னைத் தேட வேண்டாம்.’

ஏழு வருடங்களுக்கு முன் ஒரு மதியம் எழுதி, இதே பெட்டியின் மேல் வைத்துவிட்டுக் கிளம்பியது. என்ன சண்டை என்பதுகூட இப்போது நினைவில்லை. பேருந்து நிலையத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வொரு பேருந்தாகப் போகவிட்டார். மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டோம் என்று தனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு வீடு திரும்பினார்.

வைத்த இடத்தில் கடிதம் இல்லை. அவள் தட்டு வைத்துச் சாப்பாடு போட்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

படித்தாளா, இல்லையா?

அன்று பிடித்த பயம். அவள் ஒரு வேளை பேசாமல் இருந்தாலும், இதோ கேட்கப் போகிறாள் என்று உள்ளுக்குள் செத்துப் பிழைத்தார். அவள் சொல்லைத் தட்டாதவர் என்று மைத்துனர்களிடம் நல்ல பேர் வாங்கியதெல்லாம் இந்தப் பயத்தில்தான்.

இப்போது விளங்கியது. அந்தக் கோடையில் சூடு தாங்காமல் பெட்டியைத் திறந்துபோட்டுத்தான் ஓட்டினார்கள். மின்விசிறிக் காற்றில் காகிதம் சரிந்து உள்ளே விழுந்திருக்கிறது. பிறகு யாரோ மூடியிருக்கிறார்கள். அவள் கண்ணில் படவே இல்லை.

அப்பாடா.

தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தார். கண்ணும் கலங்கியது. ஏழு வருடம் வீணாகப் பயந்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. அவள்மேல் பெரிய பிரியம் பொங்கி வந்தது.

காகிதத்தைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, புது டிஸ்க்கை இடுக்கில் செருகினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

நிமிர்ந்தபோது அவள் கதவருகே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ. கழற்றிப் போட்ட தகட்டைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

“இன்னைக்காவது கிடைச்சுதா?” என்றாள்.