நான்கு கட்டங்களிலும் கறுப்புக் கண்ணாடி

ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் வெயிலில் வகுப்பறை மின்விசிறி கடகடக்கிறது. என் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் வீட்டு இரவுச் சாப்பாட்டை மடிக்கணினியில் படக்கதையாக்குகிறார்கள். ஆள், மேசை, பேச்சுக் குமிழி எல்லாமே இழுத்துப் போட்டால் வந்துவிடும். அவர்கள் எதை மாற்றினாலும் என் திரையில் உடனே தெரியும். அது அவர்களுக்கு நினைவிருப்பதில்லை. டீகன் என்ற சிறுமியின் படத்தில் அப்பா சாசேஜ் வறுக்கிறார். அம்மா கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறாள், நான்கு கட்டங்களிலும். பக்கத்து இருக்கை ஹார்வி எட்டிப் பார்த்துச் சிரிக்கிறான். "உங்கம்மா என்ன சினிமா ஸ்டாரா?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. "டீகன், அம்மா எதுக்குக் கண்ணாடி போட்டிருக்காங்க?" "வெயில், மிஸ்." "வீட்டுக்குள்ளயா? ஜன்னல்ல நிலா இருக்கே." அவள் நிமிரவில்லை. விரல் மட்டும் நகர்கிறது. என் திரையில் நிலா மறைகிறது. அதே இடத்தில் சூரியன் வந்து உட்காருகிறது.