ஐஸ் பெட்டிக்குள் ஒரு போர்டு

அக்டோபர் 14, செவ்வாய். ஒரு சிறிய தவறு. சர்க்யூட் போர்டை வரையும்போது ஆன்டெனாவுக்கு அடியில் இருந்த செம்புப் படலத்தை நீக்க மறந்துவிட்டேன். அந்த இடம் வெறுமையாக இருக்க வேண்டும் என்று வகுப்பில் முதலிலேயே சொன்னார்கள். சிக்னல் பத்தடிகூடப் போகவில்லை.

செங்கல்பட்டில் எலக்ட்ரானிக்ஸ் மாலை வகுப்புக்குப் பஸ் பிடிக்கும் முன் துர்காதேவி நோட்டில் இவ்வளவுதான் எழுதியிருந்தாள். அதற்குள் மீன் விற்கும் அம்மா சந்திரம்மாவின் போன் அலறியது. மாமல்லபுரம் ஓட்டல் ஒன்றின் ஸ்டோர் பொறுப்பாளர் சுதாகர்.

“யக்கா, இன்னிக்கும் ஒன் வஞ்சிரம் நாறுது. ஆள அனுப்பு, தூக்கிகினு போவட்டும்.”

மழையில் மாமல்லபுரமே இரண்டு நாள் கரண்டு இல்லாமல் கிடந்ததே, அதற்கு மறுநாளும் இப்படித்தான் ஒரு பெட்டி திரும்பி வந்தது. இன்னொரு தடவை கெட்ட மீன் வந்தால் வியாபாரத்தையே நிறுத்திவிடுவோம் என்று சுதாகர் அப்போதே சொல்லியிருந்தான். சந்திரம்மா நாறிய மீன் விற்கிறாள் என்ற பேச்சு கிளம்பினால் இந்தக் கரையில் அவளிடம் யாரும் மீன் வாங்கமாட்டார்கள்.

அதற்காகத்தான் துர்கா அந்தப் போர்டையே செய்தாள். தீப்பெட்டி அளவில் ஒரு பச்சைப் பலகை, அதில் ஒரு ஒயர்லெஸ் சிப், மீன்களுக்கு நடுவே தொங்கும் ஒரு ஒயர். கரையில் ஐஸ் போட்டுப் பெட்டியை மூடியதிலிருந்து உள்ளே எவ்வளவு குளிர் என்று அது குறித்துவைக்கும். போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் அத்தனையையும் காட்டும்.

வகுப்பை விட்டுவிட்டுத் துர்காவே ஓட்டலுக்குப் போனாள். பின்கட்டில் பெட்டியைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. மீன்கண்கள் குழிந்து, செவுள் சாம்பல் நிறமாகி, தோலெல்லாம் கோழை படிந்திருந்தது. மீனோடு பிறந்து வளர்ந்தவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இன்னா பாப்பா, ஒன் கம்ப்யூட்டரு இன்னா சொல்லுது?” என்றான் சுதாகர், கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

துர்கா போனைப் பார்த்தாள். கரையிலிருந்து ஓட்டல் வரும் வரை இரண்டு டிகிரி. அதற்கப்புறம் திடீரென்று மைனஸ் ஆறு.

“மைனஸ் காட்டுது அண்ணா.”

“ஐஸ் பொட்டில மைனஸா! நல்லா செஞ்ச போ. எட்த்துகினு கெளம்பு, கெஸ்ட்டு வர்ற நேரம்.”

அவளுக்குக் காது சுட்டது. வெறும் ஐஸில் வைத்த மீன் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. அது அவளுக்கும் தெரியும். ஆன்டெனாவில் கோட்டை விட்டவள் மற்றதையும் ஒழுங்காகச் செய்திருக்கமாட்டாள் என்றே தோன்றியது. மீனைவிடத் தன் கைகள்தான் அப்போது அவளுக்கு அதிக அருவருப்பாக இருந்தன.

ஷேர் ஆட்டோவில் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். “இன்னாம்மே, பொட்டில பொணமா வெச்சிகினு கீற?” என்றான் டிரைவர். அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் சந்திரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“யம்மா, எல்லாம் என் தப்பு. பொட்டி சூடானது தெரியாமப் போச்சி. நாளைக்குப் போர்டைப் பிரிச்சி வேற மாத்திடறேன்.”

“ஐஸு நான்தான போட்டேன்? நீ போர்டு தப்புன்ற, நான் ஐஸு பத்தலன்றேன். மொதல்ல இத்தப் பொதைக்கலாம் வா. நாய் இழுத்துகினு போச்சின்னா குப்பமே நாறும்.”

சந்திரம்மா கொல்லையில் அருவாமனையைப் போட்டு உட்கார்ந்தாள். பெரிய வஞ்சிரத்தைத் துண்டாக்கிக் குழியில் தள்ளலாம் என்று கத்தியில் வைத்து அழுத்தினாள். தோல் வழவழவென்று விலகியது. பிறகு ‘டக்’ என்று நின்றது.

“இன்னாடி இது, கல்ல வெட்டுறாப்ல கீது?”

முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு துர்கா குனிந்து பார்த்தாள். முள்ளை ஒட்டிய சதை வெள்ளை வெளேரென்று இறுகிக் கிடந்தது. விரலால் தொட்டாள். சுரீரென்று குளிர்ந்து விரலோடு ஒட்டிக்கொண்டது.

சந்திரம்மாவும் தொட்டுப் பார்த்தாள்.

“காலைல நான் வெச்ச மீனு கரைல துள்ளிகினு இருந்திச்சி,” என்றாள் சந்திரம்மா மெதுவாக. “ஐஸுல வெச்ச மீனு உள்ள ஒறையாதுடி. இது கரண்டு இல்லாதப்ப கெட்டுப்போயி, மறுபடி ஃப்ரீசர்ல ஒறைஞ்ச மீனு. நம்பகிட்ட ஏது ஃப்ரீசரு?”

துர்கா மறுபடி போனை எடுத்துப் பார்த்தாள். பெட்டி அம்மாவின் கையில் இருந்த வரை இரண்டு டிகிரி. சுதாகரின் கைக்குப் போனதும் மைனஸ் ஆறு. போர்டு ஒரு பொய்யும் சொல்லவில்லை.

“தூ!” சந்திரம்மா குழிக்குள் காறித் துப்பினாள். “நம்ப மீனு அவன் அடுப்புல வெந்துகினு கீது. அவன் குப்பைய நான் ஒக்காந்து பொதைச்சிகினு கீறேன்.”

துர்கா மண்ணைத் தள்ளி மூடினாள். அம்மா கை கழுவத் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். எத்தனை தடவை கழுவினாலும் அந்த நாற்றம் போவதாக இல்லை.

“நாளைக்கு இன்னாடி பண்ணப் போற? போர்டை மாத்தப் போறியா?”

“இல்லம்மா. ஓட்டலை மாத்துறோம்.”