எர்த் கம்பிக்கு ஏற்ற இடம்

மில்ரனின் வேலை சுத்தம். கைதான் சுத்தமில்லை.

கொழும்பில் முறையாக வயரிங் பழகியவன். சண்டை முடிந்து சனங்கள் ஊர் திரும்பியபோது அவனுக்கு ஒரு புதுத் தொழில் பிடிபட்டது. ஓடும்போது நகைநட்டைப் புதைத்துவிட்டு, திரும்பி வந்து, அடையாளம் வைத்த மரத்தையே காணாமல் விழித்த குடும்பங்கள் எத்தனை! அந்த வீடுகளாகப் பார்த்து, "மீள்குடியேறின ஆக்களுக்குப் புது மெயின் பெட்டி இலவசமாப் பூட்டித் தாறம்" என்று போய் நிற்பான். பெட்டி பூட்டினால் எர்த் கம்பி இறக்க வேண்டும். கம்பி இறக்க வளவைக் கிண்ட வேண்டும். பிறகென்ன! தோட்டவெளிக் கிராமத்தில் ஒரு வீட்டில் இப்படித்தான் ஓர் அட்டியலும் இரண்டு சோடிக் காப்பும் கிடைத்தன. வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வர நாலு நாளானதாம்.

வங்காலைச் சந்தியில் தேத்தண்ணிக்கடை வைத்திருக்கும் பெற்றிசியாவுக்கு வாய் நிற்காது.

"உந்தச் செலீனாக்கா பாவம், தம்பி. மாமிக்காரி ஓடேக்க ஒரு பால்மா டின் நிறைய நகையைத் தாட்டு வைச்சவவாம். இடத்தைச் சொல்லாமலே மனுசி கண்ணை மூடிட்டா" என்று தேத்தண்ணி குடிக்கப் போன மில்ரனிடம் கேட்காமலே கொட்டினாள்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அடுத்த நாள் காலையில் பெட்டி, வயர்ச் சுருள், கம்பி எல்லாவற்றையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு செலீனாவின் படலையடியில் நின்றான் மில்ரன்.

"அந்தோனியார் அனுப்பின மாதிரி வந்திருக்கிறியள், வாங்கோ தம்பி!" செலீனா அவனை நேரே சுவரடிக்கே கூட்டிக்கொண்டு போனாள். பழைய பியூஸ் கட்டைகள் கருகிக் கிடந்தன. சுற்றியிருந்த சுவரும் கறுத்திருந்தது.

"போன மாசம் இவர் கடலால வந்து, ஈரக்கையோட மோட்டர் சுவிச்சைப் போட்டவர். அப்பிடியே தூக்கி எறிஞ்சு போட்டுது. இன்னொருக்கால் அடிச்சால் மனுசன் தப்பாது, தம்பி."

"ஐயோ அக்கா, இதை வைச்சுக்கொண்டு எப்பிடி நித்திரை கொள்ளுறியள்?" என்று மில்ரன் பதறினான். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். "முதல்ல எர்த்துக்கு ஒரு நல்ல இடம் பார்ப்பம். இந்த வளவில முந்தி மரம் கிரம் நிண்டதோ?"

"கிணத்தடியில ஒரு வேம்பு நிண்டது. ஷெல் விழுந்து முறிஞ்சு போச்சு. மாமி சாகுமட்டும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பா, ஏனெண்டு தெரியேல்ல."

மில்ரனின் கை தானாகவே மண்வெட்டியைத் தேடியது.

"இந்த வெயிலுக்கையோ கிண்டப் போறியள்? முதல்ல பெட்டியைப் பூட்டுங்கோ. கிண்டுறதைப் பின்னேரம் பார்ப்பம்."

வேறு வழியில்லை, பூட்டினான். பூட்டப் பூட்டச் செலீனாவுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மோட்டருக்குத் தனி வயர் இழுத்தால் நல்லதாம். குசினிப் பிளக் ஆடுதாம். பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்தான். கள்ளன்தான், ஆனாலும் அரைகுறை வேலை அவனுக்குப் பிடிக்காது. கடைசியில் ரிப் சுவிச்சின் பொத்தானை அமத்திக் காட்டினான். 'டக்' என்று வீடு முழுக்கக் கரண்ட் நின்றது.

"ஆரையும் கரண்ட் பிடிச்சால் இது கண் மூடித் திறக்க முதல் விழுந்திடும், அக்கா. ஆளுக்கு ஒண்டும் நடக்காது."

செலீனா சிலுவை போட்டுக்கொண்டாள்.

கிணற்றடிக்கு வந்ததும் மில்ரனுக்கு ஒரு பயம் பிடித்தது. "வெடி கிடி கிடக்குமோ, அக்கா?"

"சீச்சீ! கண்ணிவெடி எடுக்கிற ஆக்கள் மெசினோட வந்து ரெண்டு கிழமை நிண்டவை. துருப்பிடிச்ச ஆணி ஒண்டைக்கூட விடாமப் பொறுக்கிக்கொண்டு போனவை. நீங்கள் பயப்பிடாமக் கிண்டுங்கோ, நான் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாறன்."

அப்பாடா! மில்ரன் உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டு கிண்டத் தொடங்கினான். நல்லவேளை, ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்குச் செலீனா அரை மணித்தியாலம் எடுத்தாள். முழங்கால் ஆழத்தில் 'ணங்' என்றது. பொலித்தீன் சுற்றிய பால்மா டின். மூடியை ஒரு விரற்கடை தூக்கிப் பார்த்தான். உள்ளே மஞ்சளாய் மின்னியது. டின்னைக் கருவிப் பையின் அடியில் திணித்துக்கொண்டு எழும்பினான்.

"கம்பியை இறக்காமல் எங்க தம்பி போறியள்?"

கையில் கோப்பையோடு செலீனா நின்றாள். மில்ரன் பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினான்.

"இல்லையக்கா, சுத்தியல் எடுக்கப் போனனான்."

கம்பியை அடித்து இறக்கினான். வயரைக் கொளுவி இறுக்கினான். குழியையும் மூடிவிட்டு, கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு புறப்பட்டான்.

"ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பார்!" என்று செலீனா படலைவரை வந்து வழியனுப்பினாள்.

மோட்டார் சைக்கிள் கிளப்பிய புழுதி அடங்கவில்லை, பெற்றிசியா மூச்சிரைக்க ஓடி வந்தாள். கிணற்றடியில் புதுமண்ணைப் பார்த்தாள். "அந்தத் தோட்டவெளியில கிண்டின கள்ளன் எடுத்துக்கொண்டு போட்டானோ, அக்கா?"

"போட்டான்" என்றாள் செலீனா. அவள் கண் சுவரிலிருந்த பெட்டியைவிட்டு அசையவில்லை. "இனி இவர் ஈரக்கையோட வந்தாலும் எனக்குப் பயமில்லை, பெற்றிசியா."

பெற்றிசியாவும் பெட்டியைத் திறந்து, மூடி, தடவிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

"போன கிழமை நாங்கள் தாட்ட டின்னுக்குள்ள போட்ட கவரிங் சங்கிலியளில மிச்சம் கிடக்கோ, அக்கா? எங்கட வீட்டுப் பியூஸ் கட்டையும் கருகிப்போய்த்தான் கிடக்குது."