வாசலில் நிற்பவர்கள்

பாரிசிலிருந்து எங்கள் சூரிச் வீட்டுக்கு ஐந்நூறு கிலோமீட்டர்; விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். ஆனால் பாரிசில் தன் அக்கா பவளராணியின் வீட்டு வாசலில் விடைபெற என் மனைவி சர்மிளாவுக்கு ஒரு மாலைப்பொழுதே போதாது.

"வெளிக்கிடுவமோ?" என்றேன்.

"இந்தா வாறன். ஒரு கதைதான் மிச்சம்" என்றாள், செருப்பை மாட்டியபடி.

பசி பொறுக்காமல் நான் மட்டும் பறந்தேன். சூரிச்சில் சோறு வடித்து, கத்தரிக்காய்க் குழம்பும் வைத்துவிட்டு, அவளைக் கூட்டிப்போகத் திரும்பி வந்தேன். இருவரும் அதே வாசலில்தான் நின்றார்கள்.

"சோறு ஆறுது, வாரும்" என்றேன் சர்மிளாவிடம்.

பவளராணி அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "தம்பியெல்லோ வந்திருக்கிறார். வாசலில நிக்காமல் உள்ள வாங்கோ, தேத்தண்ணி போடுறன்."

சர்மிளா செருப்பைக் கழற்றினாள்.