கம்போவை அவிழ்த்துவிட்டது யார்?

தெருமுனை திரும்பியதும் போட்டிக் குழுக்காரன் லூசியனின் வண்டி வந்து நூமாவின் வண்டியை உரசிக்கொண்டு நின்றது. நூமா பலகைக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

லூசியன் ஊதும் கார்னெட் குழலின் சத்தம் கேட்டால், நியூ ஆர்லியன்ஸில் ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவன்கூடச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். நூமாவின் ஜாஸ் குழுவுக்கோ வயது ஒன்பது நாள். ஐந்து பேர், இரவல் கோவேறு கழுதை ஒன்று, மேசை நாற்காலி ஏற்றும் வண்டி ஒன்று. வண்டியின் இரண்டு பக்கமும் ‘இன்று மாலை நடனம், எல்லோரும் வருக’ என்று எழுதிய துணி. சாயம் இன்னும் காயவில்லை.

“கழுதையைத் திருப்புடா ஸீனோன். வேற தெரு வழியாப் போயிடலாம்.”

“அண்ணே, இப்பத்தானே வந்தோம்!” என்றான் வண்டியோட்டி.

பின்பலகையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த ப்ளாசிட் தலையில் அடித்துக்கொண்டான். டிராம்போன்காரனுக்கு எப்போதும் அதுதான் இடம். உள்ளே உட்கார்ந்து அந்த நீளக் குழலை நீட்டினால் முன்னால் இருப்பவனின் பல் போய்விடும்.

“ஆரம்பிச்சுட்டான்யா! மூணாவது தடவை!”

பொய்யில்லை. நூமா இதற்கு முன் இரண்டு குழு ஆரம்பித்தவன். இரண்டு முறையும் முதல் நாளே, கூட்டத்தைக் கண்டதும் நழுவிவிட்டான். வாரத்தில் ஆறு நாள் கடையில் சுருட்டு சுற்றுகிற விரல்கள் அவை. அங்கே நடுங்காது. நாலு பேர் முன்னால் கார்னெட்டைத் தூக்கினால் போதும், உதறும்.

காலையில் மனைவி ஒதீல் முடிவாகவே சொல்லிவிட்டாள்: “இன்னைக்கும் ஓடி வந்தீன்னா, அதைப் பெட்டியில போட்டுப் பூட்டிடு. ஆயுசுக்கும் தொடக்கூடாது. ஒவ்வொரு தடவையும் நீ வந்து அழுவுறதை என்னால பாக்க முடியலய்யா.” மாதா மேல் ஆணையிட்டு அவனும் சரி என்றிருந்தான்.

ஸீனோன் கடிவாளத்தை இழுத்தான். கழுதை முக்கியது. வண்டி நகரவில்லை.

தெருவே சிரித்தது. பேச்சு நடந்த நேரத்தில் யாரோ இரண்டு வண்டிகளின் சக்கரங்களையும் சேர்த்துச் சங்கிலியால் கட்டிவிட்டார்கள். இங்கே வழக்கம்தான். யார் வாசிப்பு உசத்தி என்று ஜனங்கள் சொல்லும்வரை யாரும் ஓட முடியாது. ஜெயித்தவர்களின் நடன மண்டபத்துக்குத்தான் மாலையில் கூட்டம் போகும். லூசியனின் ஆட்கள் வேலையாகத்தான் இருக்கும், படுபாவிகள்!

லூசியன் எழுந்து வாசித்தான். மாடிகளில் துணி காயப்போட்டவர்கள் அப்படியே விட்டுவிட்டு ஆடினார்கள்.

நூமா நாலாபக்கமும் பார்த்தான். போக வழியே இல்லை.

அப்போதுதான் கூட்டத்தின் கால்களுக்கு நடுவே புகுந்து அவன் வீட்டு நாய் கம்போ ஓடி வந்தது. இதை யார் அவிழ்த்துவிட்டது என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது. கம்போ லூசியனை அண்ணாந்து பார்த்தது. பிறகு நீட்டி முழக்கி ஒரு ஊளை விட்டது.

நூமா தன்னை மறந்து சிரித்துவிட்டான்.

சிரித்த வாயோடு கார்னெட்டை வைத்து அந்த ஊளையை அப்படியே வாசித்தான். கூட்டம் ‘ஓ’ என்றது. கம்போ பதிலுக்கு ஊளையிட்டது. அவன் அதைத் திருப்பிப் போட்டு, வளைத்து, சின்ன விக்கல் ஒன்றைச் சேர்த்து வாசித்தான். ப்ளாசிட்டின் டிராம்போன் உறுமிக்கொண்டு உள்ளே நுழைந்தது. டிரம் பிடித்துக்கொண்டது. அட, விரல் உதறவே இல்லை!

அரை மணி நேரத்தில், கூட்டம் பிடித்து ஆடிய குடைகளில் ஒன்று அவர்கள் பக்கம் திரும்பியது. அப்புறம் பத்து. அப்புறம் லூசியனே தொப்பியைக் கழற்றி ஆட்டினான். “போங்கடா, இன்னைக்கு மண்டபம் உங்களுக்குத்தான். நாயையும் கூட்டிட்டுப் போங்க!”

சங்கிலியை அவிழ்க்க நூமாதான் குதித்து இறங்கினான். கையில் எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

நடுவில் ஒரு கண்ணி, கம்பி போட்டு முறுக்கியிருந்தது. போன மாதம் நாய்ச் சங்கிலி அறுந்தபோது கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து அவனே முறுக்கிய கம்பி. முனையில் கம்போவின் தோல் கழுத்துப்பட்டை தொங்கியது.

நிமிர்ந்து பார்த்தான். எதிர்ப்பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமைக்கென்று உடுத்திய வெள்ளைப் பாவாடையெல்லாம் துருவாக, ஒதீல் கைதட்டிக்கொண்டிருந்தாள்.