பதினோராவது நிமிடம்

பதினோராவது நிமிடத்தில் அவள் இதயம் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

அவன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். தீட்டத் தேவையே இல்லை, ஒத்திகைக் கூடம் முழுவதும் கேட்டது. சுகிர்தாவின் மார்பில் ஒட்டியிருந்த சின்னக் கருவி அவள் துடிப்பை எடுத்து நான்கு ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. புது ஆட்டத்துக்குத் தாளமே அதுதான். மிருதங்கம் கிடையாது, பாட்டு கிடையாது. ஆடுகிறவளின் துடிப்பும், அதைக் கோடும் எண்ணுமாக்கிச் சுவரில் ஓடவிடும் புரொஜெக்டரும் மட்டும்.

யோசனை அவனுடையது. ஆட்டத்தை அமைத்தவன் அவன். ஆடுகிறவளுக்குக் கணவனும் அவன்தான்.

அந்தப் பெருமை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

பதினோராவது நிமிடத்தில் ஓட்டமும் இல்லை, குதிப்பும் இல்லை. சுகிர்தா சும்மா நிற்க வேண்டும். கூட ஆடும் இளம்பரிதி பின்னால் வந்து அவள் முதுகில் தன் முதுகைச் சாய்ப்பான்.

ஓடிக் களைத்து எண்பதுக்கு இறங்கிய துடிப்பு, சும்மா நிற்கும் இடத்தில் நூற்றிருபதுக்கு எகிறியது.

அவனுக்கு மூக்கில் வியர்த்தது.

சும்மா நிற்பதுதான் ஆட்டத்திலேயே கஷ்டம் என்பது அவன் கட்சி. அதனால் முதல் நாளிலிருந்தே அந்த நிமிடம் வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்து, தளத்தில் இறங்கி, அவள் பிடரியைப் பிடித்து நிமிர்த்திவிட்டு வருவான். அதற்குத் திருத்தம் என்று பெயர். குரலை உயர்த்தியதே இல்லை. பேட்டிகளில் அதைச் சொல்லிக்கொள்வதும் உண்டு.

நோட்டைத் திறந்தான். எந்த நிமிடத்தில் யார் எங்கே என்று அதில் குறித்திருந்தது. எல்லாருக்கும் ஓர் எழுத்து. அவனுக்கு இல்லை, அவன் ஆடவில்லையே.

திங்கட்கிழமை இளம்பரிதியை எதிர்ப்பக்கத்திலிருந்து வரச் சொன்னான். துடிப்பு ஏறியது.

செவ்வாய்க்கிழமை தூரத்து மூலையிலேயே நிறுத்தினான். அப்போதும் ஏறியது.

தொடாமலே இப்படியா?

வீட்டில் சாப்பிடும்போது, இளம்பரிதி நல்ல மாதிரிதான் என்று நூல் விட்டுப் பார்த்தான். ஆமாம் என்றாள். ஏன் இவ்வளவு சட்டென்று ஆமாம்?

மறுநாள் அதையே சொன்னான். தட்டைப் பார்த்தபடி இருந்தாள். ஏன் பதில் இல்லை?

பன்னிரண்டு வருஷக் கல்யாணம். இவள் போய்விட்டால் வீடும் இல்லை, ஆட்டமும் இல்லை.

வெள்ளிக்கிழமை பொறி வைத்தான். இருவரையும் பழையபடி ஆடச் சொல்லிவிட்டு, போன் வருகிறது, நிறுத்தாமல் நடக்கட்டும் என்று ஒலியைக் கவனிக்கும் ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தான். இரும்புக் கதவின் இடுக்கில் கண்ணை வைத்தான்.

பத்து நிமிடம்.

பதினொன்று.

இளம்பரிதி வந்தான். முதுகோடு முதுகைச் சாய்த்தான். இருவரும் கண்களை மூடியிருந்தார்கள்.

துடிப்பு ஏறவில்லை.

எழுபது. அறுபத்தெட்டு. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவளின் துடிப்பு.

பன்னிரண்டாவது நிமிடமும் போயிற்று.

ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. பத்து நாளாக உருண்டு புரண்டதெல்லாம் வெட்டி வேலை. அவனுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கொஞ்சம் கலங்கியது. பாவம், அந்தப் பையனை எவ்வளவு திட்டியிருக்கிறான் மனசுக்குள். சுகிர்தாவை இப்போதே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

கதவைத் திறந்தான்.

நான்கு ஒலிபெருக்கிகளும் ஒன்றாக அதிர்ந்தன.

தளத்தில் யாரும் நகர்ந்திருக்கவில்லை. சுகிர்தா மட்டும் கண்ணைத் திறந்திருந்தாள்.

அவன் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

"நான் தப்பா எதுவும் பண்ணலயே," என்றாள்.

ஜெசிந்தா தலை நிமிரவில்லை. ரொம்ப நாள் பழகிய கை, ஒலியைக் குறைத்தது.